குறியெதிர்ப்பையும் ஓசி சிம்மும்

2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ சேவை தொடங்கியது. அந்த மாதம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை ஒன்றின் வாசலில் நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தறிக்காரர், அவருக்கு முன்னால் ஜவ்வரிசி மில்லுக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த ஒரு டிரைவர், அப்புறம் காலேஜ் பையன்கள். எல்லார் பையிலும் ஏற்கெனவே ஒரு சிம் இருந்தது. பெரும்பாலும் ஏர்செல். ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் அழுதுகொண்டிருந்த ஜனம் அது. டிசம்பர் 31 வரை பேச்சும் டேட்டாவும் இலவசம் என்று சொன்னதும் காசு கொடுத்து வாங்கிய சேவையை விட்டுவிட்டு இலவசச் சேவைக்கு மாற வரிசை கட்டினோம். ஒரு தேசத்தின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் கட்டணத்திலிருந்து இலவசத்துக்கு நகர்ந்த இந்த நிகழ்வைப் பொருளாதாரப் பக்கங்கள் 'சந்தைப் போட்டி' என்று எழுதி முடித்துவிட்டன. அதைக் கொஞ்சம் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஓசி என்கிறோம். கம்பெனி காலத்தில் கட்டணமில்லாமல் போன அரசாங்கத் தபால்களில் குத்திய எழுத்துகள்தாம் இப்படித் திரிந்தன என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதிகாரத்தில் இருந்தவனுக்குக் கிடைத்த சலுகையின் பெயர் இல்லாதவனை இளக்காரம் செய்யும் சொல்லாக மாறியது என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. இலவசம் என்பது அரசு அறிவிப்பின் சொல். 2011க்குப் பிறகு அதுவும் போய் 'விலையில்லா' வந்தது. விலையில்லா மடிக்கணினி, விலையில்லா மிக்ஸி, விலையில்லா ஆடு. விலை மதிக்க முடியாதது, விலை வாங்காதது, விலை போகாதது என்று மூன்று அர்த்தத்தையும் ஒரே எழுத்துக்கூட்டில் அடைத்து வைத்த அதிகாரி யாரென்று தெரியவில்லை. அவர் கவிஞராக இருந்திருக்க வேண்டும்.

பழைய பிரதிகளில் எனக்கு வேண்டியது வேறொரு சொல்: குறியெதிர்ப்பை. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று அடுக்குகிற இடத்தில் வருகிறது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் ஏழைக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் இந்த வகை என்று ஒதுக்குகிறார். குறித்த அளவில் வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் இது இன்னும் நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு உழக்கு அரிசி வாங்கினால் அதே உழக்கால் அளந்து திருப்ப வேண்டும். வேறு உழக்கைக் கொண்டு போனால் சண்டை. அளக்கிற கருவி இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பதுதான் இந்த உறவின் நியாயம். மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் கொடுப்பது, பெறுவது, திருப்புவது என்று மூன்று கடமைகளைச் சொன்னார். திருப்புதல் இல்லாத கொடை இல்லை என்பதே அவர் வாதத்தின் முதுகெலும்பு. நம் சொல்லில் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது: அளவு. எதிர்ப்பை எப்போதும் உண்டு. குறி இருக்கிறதா, அதை யார் வைத்திருக்கிறார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியோடு போனால் இலவசத்தின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் ரேடியோ. எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு லைசென்ஸ் புத்தகம் கிடந்தது. ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி அதில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு கட்டத்தில் ரேடியோவுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50 ரூபாய். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வீடு புகுந்து பார்ப்பார், புத்தகம் இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிப் போகவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 1980இல் ஒன்று, இரண்டு பேண்ட் ரேடியோக்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1984இல் எல்லாவற்றுக்கும் எடுத்துவிட்டார்கள். ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் விவித் பாரதியில் 1967லிருந்தே விளம்பரம் வந்துவிட்டது, தூர்தர்ஷனில் 1976லிருந்து. கேட்பவன் தபாலாபீசில் கட்டிய காசு நின்றது. அந்த இடத்துக்கு அரசாங்கத்தின் பணத்தோடு சோப்புக் கம்பெனியின் காசும் வந்தது. கனடாக்காரரான டல்லாஸ் ஸ்மைத் 1977இல் மேற்கத்திய மார்க்சியத்தின் குருட்டுப் புள்ளி என்று குறிப்பிட்டது இதைத்தான். விளம்பர ஊடகம் நிகழ்ச்சியை விற்பதில்லை, பார்வையாளரை விளம்பரதாரருக்கு விற்கிறது, பார்த்துக்கொண்டிருப்பதே பார்வையாளர் செய்கிற கூலியில்லாத உழைப்பு என்றார். ஒலியும் ஒளியும் பார்த்த எங்கள் ஊர் ஜனம் உழைத்துக்கொண்டிருந்தது என்று அப்போது சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

2006இல் கலைஞர் ஆட்சி தொடங்கிய இலவசக் கலர் டிவியை இங்கே தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டி இலவசம், ஒயர் காசு என்ற ஏற்பாட்டை நாம் முதன்முதலில் பெரிய அளவில் கண்டது அதில்தான். பெட்டி வந்ததும் மாதா மாதம் கேபிளுக்குக் கட்டும் வீடுகள் பெருகின. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது அந்த ஒயரை யார் பிடித்திருக்கிறார் என்பது ஆட்சி மாற்றத்தின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது.

இனி மின்சாரம். எங்கள் மண்ணுக்கு இதுதான் நெருக்கமான கதை. கொல்லிமலைக்கும் போதமலைக்கும் கீழே கிணற்றை நம்பியே வெள்ளாமை. யூனிட்டுக்கு ஒரு பைசா என்று தொடங்கிய கட்டண எதிர்ப்பு 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் பெரும் போராட்டமானது. 1970இல் பெருமாநல்லூர், 1972இல் சேலத்துப் பக்கம் பெத்தநாயக்கன்பாளையம் என்று துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. கோவையை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். செத்தவர்களின் நினைவாகத்தான் ஜூலை 5 இன்றும் உழவர் தியாகிகள் நாள். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. மற்றவர்களுக்கு யூனிட் கணக்குப் போய்க் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று வந்தது. 1990இல் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக்கியது. 2003இல் ஜெயலலிதா அரசு மீண்டும் கட்டணம் விதித்து, சிறு விவசாயிகளுக்குப் பணமாகத் திருப்பித் தருகிறோம் என்றது. 2004 மக்களவைத் தேர்தலில் நாற்பதும் போனதும் அதே மே மாதத்தில் பழையபடி இலவசம்.

இங்கே கவனிக்க வேண்டியது மீட்டர். யூனிட் கணக்கு இல்லை என்றானதும் மோட்டார் ரூமில் மீட்டருக்கு வேலை போயிற்று. குறி போய்விட்டது. எவ்வளவு மின்சாரம் கிணற்றுக்குப் போகிறது என்பதை மின்வாரியம் மதிப்பீடாகத்தான் சொல்ல முடிந்தது. அளவில்லாமல் வந்ததற்கு அளவில்லாமலே எதிர்ப்பையும் போயிற்று. அறுபதடிக் கிணறு நூறடியாகி, போர் போட்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடிவரை இறங்கியும் புகைதான் வந்தது என்கிற காடுகள் இங்கே உண்டு. இலவசத்தால்தான் நீர் போயிற்று என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மரவள்ளிக்கும் கோழிப்பண்ணைக்கும் மஞ்சளுக்கும் விலை வைத்த சந்தைக்கும் அதில் பங்கு உண்டு. போர் போடக் கடன் கொடுத்தவனுக்கும் உண்டு.

இன்னொன்று. இலவசத்துக்கு வேறொரு கட்டணம் இருந்தது: நேரம். பல ஆண்டுகள் மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு போய் மோட்டார் போட்டுப் பாம்பு கடித்துச் செத்தவர்கள் கணக்கை எந்த மீட்டரும் காட்டாது. புது இணைப்புக்கு விண்ணப்பித்தால் இலவசப் பிரிவில் பத்து, பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அப்புறம் தட்கல் வந்தது. ஐந்து குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் கட்டினால் உடனே இணைப்பு. ஒரே கம்பத்திலிருந்து காசு வடிவம் ஒன்று, காத்திருக்கும் வடிவம் ஒன்று. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் இணைப்புகள் தரும் திட்டம் தொடங்கியபோது வரிசையின் நீளம் எல்லாருக்கும் தெரிந்தது. சேவையின் இலவச வடிவம் என்றால் என்ன என்பதைக் கணினிக் கம்பெனிகள் சொல்லித் தருவதற்கு முன்பே எங்கள் ஊர்க் குடியானவனுக்குத் தெரிந்திருந்தது எனலாம்.

இணையத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. படங்களோடு பார்க்கும் தனிநபர் கணக்குக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு உண்டு, அதில் எழுத்து மட்டும்தான் தெரியும். ஏழைக்கு எழுத்து, வசதிக்குப் படம் என்ற பிரிவினை முதல் நாளிலேயே போட்டாயிற்று. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எழுத்தே போதும் என்று நீங்கள் சொல்லலாம். 1998 நவம்பரில் தனியாருக்குத் திறந்தார்கள். ராசிபுரத்துக்கு அது பிரவுசிங் சென்டராக வந்து சேர்ந்தது. மணிக்கணக்கில் காசு, பிளைவுட் தடுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் அன்று வாசல்வரை கூட்டம். அங்கே மீட்டர் கண்ணுக்குத் தெரிந்தது. திரையின் மூலையில் ஓடும் நிமிடத்தை நாமும் பார்த்தோம், கடைக்காரரும் பார்த்தார். ஒரே உழக்கு.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்தது நமக்கு வந்து சேரவில்லை, ஆனால் நம் கதையின் முன்னுரை அது. 1998 அக்டோபரில் நெட்ஸீரோ என்ற கம்பெனி இலவச இணைய இணைப்பைத் தொடங்கியது. திரையில் ஒரு விளம்பரப் பட்டை நகராமல் உட்கார்ந்திருக்கும், அதை மூட முடியாது. 1996லிருந்து இலவச மின்னஞ்சல் கொடுத்துவந்த ஜூனோவும் இதில் இறங்கியது. மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். டாட் காம் விளம்பரச் சந்தை சரிந்ததும் இலவசம் சுருங்கியது. 2001 தொடக்கத்தில் நெட்ஸீரோ மாதம் நாற்பது மணி நேரம் என்று வரம்பு போட்டது, அப்புறம் அதையும் பத்தாகக் குறைத்தது. ஜூனோ அதிகம் பயன்படுத்தும் இலவசக்காரர்களுக்கு இணைப்புக் கிடைப்பதைக் கடினமாக்கியது. கடினமாக்கினால் காசு கட்டுவார்கள் என்ற கணக்கு. இதைவிட முக்கியமானது 2001 பிப்ரவரியில் வெளியே தெரிந்த அதன் ஒப்பந்தத் திருத்தம். இலவசமாகப் பயன்படுத்துபவரின் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் கம்பெனி தன் கணக்குகளை அதில் ஓட்டிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் கணினியை அணைக்காமல் வைத்திருக்கவும் சொல்லலாம் என்றது. லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகளை ஒன்றாக்கி ஒரு பெரும் கணினிபோலக் காட்டி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் திட்டம் அது. எதிர்ப்பு வந்ததும் முதலில் விரும்பியவர்களை மட்டும் சேர்க்கிறோம் என்று சமாதானம் சொன்னார்கள். அந்த ஆண்டே இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. ஸ்மைத் உருவகமாகச் சொன்ன உழைப்பு இங்கே ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாக எழுதப்பட்டது. பண்ணையாள் முறை நமக்குப் புதிதல்ல. குடியிருக்கக் கொட்டகை இலவசம், கூப்பிட்டபோது வர வேண்டும்.

நமக்கு நேரடியாக வந்த இலவச வடிவம் 2015 பிப்ரவரி 10ஆம் தேதியது. ஃபேஸ்புக் கம்பெனி ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்பதை இந்தியாவில் தொடங்கியது. தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, மொழிகளில் தமிழும் ஒன்று. முப்பத்தெட்டுத் தளங்கள் இலவசம், மற்றதெல்லாம் காசு. பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். காம்பவுண்டுக்குள் சுற்றிக்கொள்ளலாம், கேட்டைத் தாண்டினால் கட்டணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிராய்க்கு மின்னஞ்சல் எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று டிராய் தடை விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவில் இருந்த ஒருவர், காலனிய எதிர்ப்பு மனோபாவம்தான் இந்தியாவைப் பொருளாதாரத்தில் கெடுத்தது என்ற பொருளில் எழுதிவிட்டு, அழித்து, மன்னிப்பும் கேட்டார். நகரத்துப் படித்தவர்கள் நடத்திய நல்ல போராட்டம்தான். ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் மாதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ் செய்ய முடியாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. கேட்டுக்குள் இருப்பதா, வெளியே பட்டினியாக நிற்பதா என்பது அவர்களிடம் கேட்கப்படாமலே முடிவான விவாதம்.

ஏழே மாதத்தில் காம்பவுண்டு இல்லாத இலவசம் வந்தது. முழு இணையமும் ஓசி. கட்டணமில்லாச் சலுகை தொண்ணூறு நாளைத் தாண்டக் கூடாது என்ற விதிப்படி டிசம்பர் 3 வரைதான் என்று டிராய் சொன்னபோது, ஜியோ மறுநாளிலிருந்து புத்தாண்டுச் சலுகை என்று வேறு பெயரில் 2017 மார்ச் 31 வரை நீட்டியது. நடுவில் நவம்பர் 8, நோட்டு செல்லாது. ராசிபுரத்தில் அந்தக் குளிர்காலத்தில் வரிசைகள் இரண்டு. சொந்தக் காசை எடுக்க நிற்கிற வரிசை ஒன்று, காசில்லாமல் சிம் வாங்க நிற்கிற வரிசை ஒன்று. இரண்டிலும் ஒரே ஆள் நின்றதை நான் பார்த்தேன். பிப்ரவரியில் பத்துக் கோடி வாடிக்கையாளர் என்று அறிவித்தார்கள்.

வரிசையின் முனையில் என்ன நடந்தது? பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தோம். ஆதார் சரிபார்ப்பு, சில நிமிடத்தில் சிம். கைநாட்டு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒரு கனம் உண்டு. எழுத்தறியாதவன் வட்டிக்காரனின் பத்திரத்தில் வைப்பது அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தவனுக்குத் தெரியாது. அந்த அவமானத்திலிருந்து தப்பிக்கத்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எம்.ஏ. முடித்த நானும் அன்றைக்குக் கைநாட்டுத்தான் வைத்தேன். திரையில் ஓடிய நிபந்தனைகளைப் படிக்கவில்லை. தனியார் கம்பெனிகள் இப்படி ஆதாரைக் கேட்பதை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் வைக்க வேண்டிய விரல்களெல்லாம் வைத்தாகிவிட்டது.

இலவசம் முடிந்த பிறகு நடந்தது வேகமானது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 கடைசியில் செல்போன் சேவையை மூடியது. சென்னையிலிருந்து வளர்ந்து தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொடி நட்டிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மாநிலம் முழுக்கச் செத்து விழுந்தது. எண்ணை மாற்றிக்கொள்ளும் குறியீடு வராமல் கடைகளில் ஜனம் மோதியது. மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துப் பேர் இருந்த சந்தையில் நான்கு பேர், அதில் ஒருவர் அரசாங்கம். 2024 ஜூலையில் மூன்று தனியாரும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தினார்கள். ஜியோவில் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. ஒரு பைசாவுக்கு மாட்டுவண்டி கட்டிய மாவட்டங்களில் ஒரு சத்தமும் இல்லை. பிஎஸ்என்எல்லுக்கு மாறுகிறேன் என்று கொஞ்சம் பேர் மாறினார்கள், அவ்வளவுதான். மின்வாரியத்தின் முன்னால் உட்காரலாம், அங்கே ஒரு கட்டடமும் ஏஇயும் உண்டு. இங்கே எந்த வாசலில் உட்காருவது?

இந்த இடத்தில் 'இலவசம்' பற்றிய நடுத்தர வர்க்கச் சொல்லாடலைத் தொடாமல் போக முடியாது. கலர் டிவி, மிக்ஸி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், தேர்தல் வாக்குறுதி லஞ்சமாகாது, ஆனால் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும் என்று 2013 ஜூலையில் தீர்ப்பானது. 2022இல் பிரதமரே இலவசங்களை மிட்டாய்க் கலாச்சாரம் என்ற பொருளில் ஏசினார். ரேஷன் அரிசி வாங்குகிறவன் சோம்பேறி ஆகிறான் என்று எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வகுப்பிலேயே சொல்வார். 2016இல் அவரும் ஓசி சிம்மில்தான் பேசினார். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அதன் பெயர் ஆஃபர். அரசு கொடுத்தால் இலவசம், கம்பெனி கொடுத்தால் சலுகை. முதலாவதில் வாங்குகிறவனின் சாதியும் வர்க்கமும் உடனே வெளியே தெரிகிறது. இரண்டாவதில் தெரிவதில்லை. ஆனால் மின்சாரத்தின் எதிர்ப்பையை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாக்காகக் கேட்டார்கள், மறுக்கவும் முடிந்தது, 2004இல் மறுத்தோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி என்று அன்றைய அரசு கொடுத்தது. ஏப்ரல் 6 அன்று தேர்தல், அந்த அரசு தோற்றது. டேட்டாவை வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போட்ட பையன்கள் இங்கே இருக்கிறார்கள். குறி அவர்கள் கையில் இருந்தது.

செல்போன் இணையத்தில் அது கையில் இல்லை. கிணற்றில் மீட்டர் ஓடாமல் போனதுபோல இங்கே போகவில்லை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு விழிக்கிறோம், எந்தப் படத்தில் எத்தனை நொடி நிற்கிறோம் எல்லாம் அளக்கப்படுகிறது. மீட்டர் எதிர்ப்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது, எண் நமக்குத் தெரியாது. 2025 நவம்பரில் சாட்ஜிபிடியின் கட்டணத் திட்டம் ஒன்றை இந்தியர்களுக்கு ஒரு வருஷம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் தெருப் பையன்கள் அன்றைக்கே சேர்ந்தார்கள். இந்த முறை வரிசைகூட இல்லை.

போன பொங்கலுக்குத் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். 2020இல் வந்த மின்சாரத் திருத்த மசோதா வரைவில் மானியத்தை நேரடியாகப் பணமாகக் கொடுக்கலாம் என்று இருந்ததிலிருந்து, மோட்டாருக்கு மீட்டர் வைக்க வருவார்கள் என்ற பயம் அவருக்கு. யார் வந்தாலும் மோட்டார் ரூமுக்குள் விடுவதில்லை என்றார். "மீட்டர வெச்சாப் பில்லு வரும் மாப்ள. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வரும். எங்கப்பன் ஜெயிலுக்குப் போயிக் கழட்டுனது."

"போன்ல இருக்கறதும் மீட்டருதானுங்களே மாமா?"

"அதென்ன, அவன் பாட்டுக்குக் கொடுக்கறான், நாம பாட்டுக்குப் பாக்கறோம். அது வேற இது வேற."

சொல்லிக்கொண்டே பெருவிரலை வைத்துப் போனைத் திறந்தார். ரிக் வண்டிக்காரனின் விளம்பரம் முதலில் வந்தது. முந்தின நாள்தான் கிணற்றில் தண்ணி கம்மியாகிவிட்டது என்று பையனிடம் போனில் பேசியிருந்தாராம்.